ஜெர்மனிக்கு ப்ளூ கார்டுல கிளம்புறீங்களா? முதல்ல உங்க பேரச் சரி பாருங்க

ஜெர்மனில வேலை கெடச்சிருச்சு, கான்ட்ராக்டும் மெயில்ல வந்துருச்சு, அடுத்து என்ன பண்ணணும்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன். நான் ஈரோட்டுல படிச்சு சென்னைல ஆறு வருஷம் வேலை பாத்துட்டு ப்ளூ கார்டுல ஸ்டுட்கார்ட் வந்தவன். ப்ளூ கார்டுன்னா டிகிரி முடிச்ச வெளிநாட்டுக்காரங்க அங்க தங்கி வேலை பாக்குறதுக்குக் கொடுக்குற அனுமதி. டிகிரி முடிச்ச ஐடி, இன்ஜினியரிங் ஆளுங்களுக்கான பாதை இது. நர்சுங்களுக்கு ஜெர்மன் மொழில பி2ங்கற லெவல் வரைக்கும் படிச்சு தொழில் அங்கீகாரம் வாங்குறதுன்னு பாதையே வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இன்னைக்கு ராத்திரியே ஒரு வேலை பண்ணுங்க. பாஸ்போர்ட், டிகிரி சர்டிஃபிகேட், பத்தாவது மார்க் ஷீட், கல்யாணம் ஆயிருந்தா மேரேஜ் சர்டிஃபிகேட், எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சு பேர எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. நம்ம ஊர்ல பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, அவ்வளவுதான். டிகிரில 'கார்த்திக் ஆர்'னு இருக்கும், பாஸ்போர்ட்ல சர்நேம் எடத்துல அப்பா பேரு முழுசா 'ராஜேந்திரன்'னு இருக்கும், சிலருக்கு அந்த எடமே காலியா இருக்கும். நமக்கு ரெண்டும் ஒரே ஆளுதான், ஆனா ஜெர்மன் ஆபீஸ்ல உக்காந்திருக்கவங்களுக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது, குடும்பப் பேரு எங்கன்னுதான் கேப்பாங்க. சர்நேம் காலியா இருந்தா விசா போடுறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ட ரீ-இஷ்யூ பண்ணி சரி பண்ணிடுங்க, விசா ஸ்டாம்ப் ஆனதுக்கப்புறம் மாத்துறது பெரிய தலைவலி. மனைவிக்கு அவங்க அப்பா பேரு சர்நேம், உங்களுக்கு உங்க அப்பா பேரு, குழந்தைக்கு உங்க பேருன்னு ஒரே வீட்ல மூணு சர்நேம் வரும், அது தப்பில்ல, ஆனா ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் மேரேஜ் சர்டிஃபிகேட்லயும் பர்த் சர்டிஃபிகேட்லயும் அப்பா அம்மா பேரு பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்பெல்லிங்லயே இருக்கணும். கோயில் ரசீது மட்டும் வச்சிருக்கவங்க இப்பவே போய் கல்யாணத்தப் பதிவு பண்ணிடுங்க.

அடுத்தது டிகிரி. அனாபின்னு ஜெர்மன் அரசோட டேட்டாபேஸ் ஒண்ணு இருக்கு, அதுல உங்களுக்கு டிகிரி கொடுத்த யுனிவர்சிட்டியத் தேடுங்க. அங்கீகாரம் இருக்குன்னு அர்த்தம் வர்ற 'ஹெச் ப்ளஸ்'னு வந்து, உங்க டிகிரியும் ஜெர்மன் டிகிரிக்குச் சமம்னு இருந்தா அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து விசா பைல்ல வச்சா போதும். அப்படி வரலன்னா ஸெட்.ஏ.பி.ங்கற அமைப்புகிட்ட ஒப்பீட்டுச் சான்றிதழ் வாங்கணும், 208 யூரோ ஃபீஸ். இதெல்லாம் நீங்களே பண்ற வேலைதான். வேலை வாங்கித் தரேன், ப்ளூ கார்டு வாங்கித் தரேன்னு லட்சக்கணக்குல கேக்குறவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க, ப்ளூ கார்டுக்கு அடிப்படை கம்பெனி கான்ட்ராக்டும் உங்க டிகிரியும்தான், அத ஏஜென்ட் கொடுக்க முடியாது. நகைய அடகு வச்சுப் பணத்தக் கட்டிட்டு நிக்கிறவங்களப் பாத்திருக்கேன், மனசு கேக்க மாட்டேங்குது.

சம்பளம். 2025-ல ப்ளூ கார்டுக்குக் குறைஞ்சது வருஷத்துக்கு 48,300 யூரோ இருக்க வேண்டியிருந்துச்சு, ஐடி, இன்ஜினியரிங், டாக்டர் மாதிரி ஆள் பத்தாத வேலைகளுக்கும் புதுசா படிச்சு முடிச்சவங்களுக்கும் 43,759.80. வருஷா வருஷம் ஜனவரில இது மாறும், கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த வருஷத்துக் கணக்கப் பாருங்க. இத ரூபாய்ல பெருக்கிப் பாத்து வீட்ல சொல்லிடாதீங்க! ஐம்பதாயிரம் யூரோ சம்பளம்னா, கல்யாணம் ஆகாத ஆளுக்கு வரி, இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போக மாசம் கைக்கு சுமார் 2,700 வரும், அதுல வாடகை எவ்வளவுன்னு பாத்துட்டு அப்புறம் ஊர்ல லோன் கணக்குப் போடுங்க.

இன்னொண்ணு, ஊர்லேந்து வந்து எறங்குற நாளுக்கும் வேலைல சேர்ற நாளுக்கும் நடுவுல தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கணும், கம்பெனி வழியா வர்றது வேலை ஆரம்பிக்கிற தேதிலேந்துதான்.

வீடுதான் கஷ்டம். வீட்டுக்குக் குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸப் பதிவு பண்ணணும், அதுக்குப் பேரு அன்மெல்டுங். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட ஃபார்ம் வேணும், ஹோட்டல், ஷார்ட் ஸ்டே வீட்ல நெறைய பேரு அத தர மாட்டாங்க, அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி "அன்மெல்டுங் பண்ண முடியுமா"ன்னு எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதுவும் ஹீட்டிங், தண்ணி செலவு சேராத வாடகைக்கு. ஓனர் வெளிநாட்ல இருக்கேன், பணத்தப் போடுங்க சாவிய தபால்ல அனுப்புறேன்னா அது மோசடி.

இப்ப மறுபடியும் பேரு. இந்த ஊர்ல தபால்காரர் லெட்டர்பாக்ஸ்ல ஒட்டியிருக்கற பேரப் பாத்துதான் லெட்டர் போடுவாரு, ஃப்ளாட் நம்பர்லாம் கெடையாது. நான் மொதல்ல ஒரு அக்கா வீட்ல ஒரு ரூம்ல இருந்தேன், பாக்ஸ்ல அவங்க பேரு மட்டும்தான். வரி நம்பர் தபால்ல வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன், அது திரும்பிப் போயிருச்சு. அந்த நம்பர் இல்லன்னா கம்பெனி வரி வகுப்பு ஆறுல வரி புடிக்கலாம், அதுதான் இருக்கறதுலயே அதிகம். மொத மாசம் பே ஸ்லிப்பப் பாத்துட்டு அப்படியே படில உக்காந்துட்டேன், அந்த மாசம் அம்மாவுக்கு பணம் அனுப்ப முடியல. பின்னாடி சரி பண்ணி அந்தப் பணம் வந்துருச்சு, ஆனா அந்த நாலு வாரம் எனக்கு ரொம்ப நீளமா இருந்துச்சு. அதனால சாவி கைக்கு வந்த அன்னைக்கே ஒரு சின்ன பேப்பர்ல பாஸ்போர்ட்ல இருக்கற சர்நேம எழுதி டேப் போட்டு பாக்ஸ்லயும் காலிங் பெல்லயும் ஒட்டுங்க, இனிஷியல் வேண்டாம், முழுசா எழுதுங்க. பேங்க் கார்டு ஒரு கவர்ல, பின் நம்பர் வேற கவர்ல, எல்லாம் இந்த பாக்ஸுக்குத்தான் வரும்.

விசா முடியிறதுக்கு முன்னாடியே ப்ளூ கார்டுக்கு ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல அப்ளை பண்ணிடுங்க, அப்பாயின்ட்மென்ட் கெடைக்க மாசக்கணக்குல ஆகலாம், அதனால வந்த வாரத்துலயே ஆரம்பிங்க. ப்ளூ கார்டு இருந்தா மனைவி இல்ல கணவர் ஜெர்மன் மொழில ஏ1ங்கற ஆரம்ப லெவல் பாஸ் பண்ணாமலே சேந்து வரலாம். ஆனா நீங்க படிங்க. ஏ1 இருந்தா 27 மாசத்துல நிரந்தரக் குடியிருப்புக்குப் போடலாம், பி1 இருந்தா 21 மாசமே போதும். ஊர்ல நோட்டீஸ் பீரியட்ல இருக்கறப்பவே நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் கிளாஸ் சேந்துடுங்க, இங்க வந்தா வேலை முடிச்சு வந்து புக்க எடுக்க உடம்புல தெம்பு இருக்காது.