கைக்கு அடக்கமான துப்பாக்கி: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் நம்மில் பலர் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தது வங்கி வாசலில் காவலர் தோளில் தொங்கிய இரட்டைக் குழலைத்தான். டெக்சஸ் வந்த முதல் மாதத்திலேயே விளையாட்டுப் பொருள் கடையில், தூண்டில்களுக்கு அடுத்த வரிசையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள் விலைச்சீட்டோடு இருப்பதைப் பார்ப்பீர்கள். அலுவலகத்தில் யாராவது “சனிக்கிழமை ரேஞ்சுக்கு வருகிறாயா?” என்று சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூப்பிடுவார். பெரிய கைக்குப் பொருந்தும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பற்றித்தான் சொல்லப்போகிறேன்; ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் உங்கள் விசா என்னவென்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

எச்1பி, எல்1, எஃப்1, எச்4 எல்லாம் குடியேற்றம் அல்லாத விசாக்கள். இந்த நிலையில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். சொந்தமாக வாங்குவதை மட்டும் அது தடுக்கவில்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரும். 2022-க்குப் பிறகு இதற்கான தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். துப்பாக்கிக் குற்றம் ஒன்றே நாடு கடத்தப் போதுமான காரணம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு. ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது. வேலை செய்ய அனுமதிக்கும் ஈஏடி அட்டையும் கிரீன் கார்டும் ஒன்றல்ல. நான் கிரீன் கார்டு வரும்வரை பதினொரு வருடம் துப்பாக்கியைத் தொடவில்லை. அந்தப் பொறுமையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

கிரீன் கார்டு இருப்பவர் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான். 4473 என்ற படிவத்தை நிரப்பியதும் கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். படிவத்தில் குடியுரிமை கேட்கும் இடத்தில் இந்தியா அல்லது இலங்கை என்று உள்ளதை உள்ளபடி எழுதி, கிரீன் கார்டில் உள்ள எண்ணையும் கொடுங்கள். அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்று குறித்துவிட்டால் பின்னால் குடியுரிமைக்கே வேட்டு வைத்துவிடும். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி விற்கப்பட்டாலும், கூட்டாட்சிச் சட்டத்தில் அதைப் பயன்படுத்துபவருக்குத் துப்பாக்கி கிடையாது. அப்புறம், ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி ஆறு மாதம் ஆகியும் முகவரியை மாற்றாமல் கடைக்குப் போய்த் திரும்பி வந்த நம் ஆட்கள் நிறைய.

அதற்கும் முன் வீட்டைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வேலை போய், விசா கெடு ஓடி, ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் நொறுங்கிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது, உங்களுக்கே கூட, மனம் அப்படி இருந்தால் இப்போது வாங்க வேண்டாம். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம். குழந்தைகள் இருந்தால் முதலில் பூட்டுப் பெட்டி, பிறகுதான் துப்பாக்கி. 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி வைப்பது டெக்சஸில் குற்றம். ஆறு மாதம் தங்க வரும் அம்மா துணி மடித்து வைக்க அலமாரியைத் திறப்பார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி கைக்கு வருவோம். எனக்குப் பெரிய கை; ஊரில் கிரிக்கெட் மட்டைக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் கிரிப் ஏற்றித்தான் ஆடுவேன். பிடி ஒல்லியாக இருந்தால் மட்டை உள்ளங்கையில் சுழலும். துப்பாக்கியிலும் அதே கதைதான்.

சிங்கிள் ஸ்டாக் என்றால் மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். டபுள் ஸ்டாக்கில், பேருந்து இருக்கையில் மூன்று பேர் முன்னும் பின்னுமாக நெருக்கி உட்காருவது போல இரண்டு வரிசை. அதனால் பிடி தடிக்கும், தோட்டாவும் அதிகம் கொள்ளும். க்ளாக் கம்பெனியின் க்ளாக் 19 சுமார் 34 மில்லிமீட்டர் அகலம், 15 தோட்டா. ஒல்லியான க்ளாக் 43எக்ஸ் 28 மில்லிமீட்டர், 10 தோட்டா. சட்டைக்குள் மறைவாக வைத்துக்கொள்ள அந்த 6 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். நியூஜெர்சி, கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் மேகசினுக்கு 10 தோட்டாதான் உச்சவரம்பு என்பதால் அங்கே தடித்த பிடியால் பெரிய லாபமும் இல்லை. ஆனால் துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போகப்போவதில்லை என்றால், பெரிய கைக்காரர்கள் ஒல்லியைத் தேட வேண்டாம். முழு அளவு டபுள் ஸ்டாக்கே வாங்குங்கள், பிடிப்பது அவ்வளவு சுலபம். இனிச் சொல்வது மறைவாக எடுத்துப்போக ஒல்லி வேண்டும் என்பவர்களுக்கு.

கடையில் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கும்போது விற்பவர் காலி என்று காட்டியிருந்தாலும் நீங்களும் ஒரு முறை திறந்து பாருங்கள். சுவர்ப் பக்கம் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டை பிடியின் உச்சியில் பதியும்படி பிடியுங்கள். குழல் முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்கட்டும். இப்போது சுண்டுவிரலைப் பாருங்கள். 2015-ல் வந்த க்ளாக் 43-இல் என் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கியது. 2019-ல் வந்த 43எக்ஸும் அதே குழல் நீளம்தான், ஆனால் உயரம் 108 மில்லிமீட்டரிலிருந்து 128 ஆனது. அந்த இரண்டு சென்டிமீட்டரில் சுண்டுவிரலுக்கு இடம் கிடைத்தது. அதே பிடியில் நீளமான குழல் வேண்டுமென்றால் க்ளாக் 48.

அடுத்து டிரிகர், சுடுவதற்கு இழுக்கும் விசை. ஆள்காட்டி விரல் நுனியின் சதை அதில் உட்கார வேண்டும். பெரிய கையில் விரல் தாண்டிப் போய் முதல் கணு டிரிகரில் விழும். இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் அசைந்து குறி தப்பும். பிடியைச் சுற்றி வரும் விரல் நுனிகள் உள்ளங்கை மேட்டில் முட்டினாலும் பிடி உங்களுக்கு ஒல்லி என்று அர்த்தம். இதற்குச் சுலபமான வைத்தியம், பிடிமேல் மாட்டுகிற ரப்பர் உறை. மட்டைக்கு இரண்டாவது கிரிப் ஏற்றுவது போலத்தான்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, கட்டைவிரல். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசித் தோட்டா போனதும், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடு பின்னால் போய் நின்றுவிட வேண்டும். மேகசின் காலி என்பதற்கு அதுதான் அடையாளம். என் துப்பாக்கியில் நிற்கவே இல்லை. இரண்டு பெட்டித் தோட்டா தீர்ந்தது. பழுது என்றே முடிவுகட்டி, கடைக்குத் திருப்பிக் கொடுக்க ரசீதைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் என் வலது கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். அது ஸ்லைடை நிறுத்தும் சின்ன நெம்புகோல்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. விரலை அரை அங்குலம் நகர்த்தி இடது கட்டைவிரலின் மேல் சாய்த்ததும் ஸ்லைடு டக்கென்று நின்றது. சின்னத் துப்பாக்கியில் பெரிய கை செய்கிற வேலை இது.

ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டும் வால்தர் பிபிஎஸ்ஸும் இந்த ஒல்லி வரிசையில் நல்ல துப்பாக்கிகள். இரண்டிலும் குட்டை மேகசின், நீள மேகசின் என்று வரும். நீளமானதைப் போட்டுப் பிடித்துப் பார்க்காமல் வேண்டாமென்று ஒதுக்காதீர்கள். ஆனால் பெரிய கைக்கு என் மனதுக்குப் பிடித்தது 1911 குடும்பத்தின் கமாண்டர் அளவு, நாலேகால் அங்குலக் குழல். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கியின் தம்பி அது. மூத்ததன் டிரிகர் நீளமானது. சிறிய கைகளுக்கு எட்டவில்லை என்று 1920களில் 1911ஏ1 வந்தபோது அதைக் குட்டையாக்கினார்கள். நமக்கு வேண்டியது அந்தப் பழைய நீள டிரிகர்தான், இன்றைக்கும் கேட்டு வாங்கலாம். பிடியின் பக்கப் பலகைகளைத் தடிமனாக மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் வால் போல நீண்ட தகடு இருக்கிற மாதிரியை எடுங்கள், இல்லையென்றால் சுத்தியல் கவட்டைத் தோலைக் கடிக்கும். எஃகு உடல் கொண்ட கமாண்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனக்கும், 43எக்ஸ் அரை கிலோவுக்குச் சற்று மேல். கனம் இடுப்புக்குப் பாரம், கைக்கு உதை குறைவு. தவறிச் சுடாதபடி தடுக்கும், கையால் இயக்கும் சேஃப்டி இருப்பதால் பழக்கம் நிறைய வேண்டும், அதனால் முதல் துப்பாக்கியாக இதைச் சொல்லத் தயங்குகிறேன். 43எக்ஸில் ரப்பர் உறையோடு தொடங்குங்கள். விரல் அப்போதும் தாண்டினால் கமாண்டருக்கு வாருங்கள். எதுவானாலும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் காசைக் கட்டாதீர்கள்.

இடுப்பில் வைத்து வெளியே போகும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர்களில் பெரும்பாலோருக்கு உரிமம் தேவையில்லை. நியூஜெர்சியில் வாங்குவதற்கே தனி அனுமதி. தபால் நிலையத்துக்குள் எங்குமே கொண்டுபோகக் கூடாது. பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குக் கூட்டாட்சிச் சட்டம் உண்டு. பிள்ளையை விடப் போகும்போது காரில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பை. அதற்கென்று ஒரு பையை ஒதுக்கிவிடுங்கள், வேறு எதற்கும் எடுக்காதீர்கள். தோட்டா சின்னது, பையின் ஓரத் தையலுக்குள் நழுவி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பையோடு ஊருக்குக் கிளம்பி, சென்னை விமான நிலைய ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் விசாரணை, காவல் நிலையம், வழக்கறிஞர் என்று விடுமுறை முழுக்கப் போய்விடும். என் பை கராஜில் ஆணியில் தொங்குகிறது. ஊருக்குப் பெட்டி கட்டும் வாரத்தில் என் மனைவி அதைக் கையாலும் தொடவிட மாட்டாள்.