மாநகராட்சி அலுவலக மாடியில் 50 கிலோவாட் சோலார்

எந்த பேனல் வாங்குவது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மாடியைப் பாருங்கள். சென்னையின் பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை, அதற்கும் மேல் தட்டையான ஓடு (தட்டோடு) இருக்கும். பேனல் சட்டத்தை நிறுத்தத் தட்டோட்டைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடித்தால் அது ஜல்லியில்தான் நிற்கும், தளத்தைப் பிடிக்காது. ஐப்பசி மழையில், கீழே உள்ள பதிவறை ஒழுகும். ஒன்று, அந்த இடத்தில் மட்டும் தட்டோட்டை வெட்டியெடுத்து, தளம் வரை இறங்கி பீடம் கட்டி, சுற்றிலும் நீர்க்காப்பு பூசுங்கள். அல்லது துளைக்காமல் சட்டத்தைக் கான்கிரீட் கட்டைகளின் எடையில் நிறுத்துங்கள். 30 செ.மீ. கனசதுரக் கட்டை ஒன்று சுமார் 65 கிலோ. எத்தனை கட்டை என்பதை, சென்னைக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி) சொல்லும் நொடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்தை வைத்து, தளம் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் சேர்த்து, கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். "எல்லா இடத்திலும் இப்படித்தான் வைக்கிறோம்" என்று ஒப்பந்ததாரர் சொல்வது கணக்கு ஆகாது. மாடி ஏற்கெனவே ஒழுகினால் அந்த ஒழுகலை முதலில் அடைத்துவிடுங்கள். பேனல்களைக் கழற்றி மறுபடி மாட்டும் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது.

540 வாட் பேனல் 96 போட்டால் 51.8 கிலோவாட். நடைபாதையோடு 500 சதுர மீட்டர் நிழலில்லா இடம் வேண்டும். டிசம்பர் காலை 9 மணிக்கு நிழல் பொருளின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலேயே நீளும். ஒரு மீட்டர் கைப்பிடிச் சுவருக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல். தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, பக்கத்துச் செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கே அளந்து பாருங்கள். பலர் மறப்பது வடக்குப் பக்கத்தை: ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே இருக்கும். பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்த்தால் போதும். அதற்குக் கீழே போனால் மழையே கழுவிவிட வேண்டிய தூசி கீழ் விளிம்பில் சேறாகத் தங்கும்.

16 பேனலைத் தொடராக இணைத்தால் ஒரு ஸ்ட்ரிங், மொத்தம் ஆறு. ஒரு பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் (லோடு இல்லாதபோது உள்ள வோல்ட்) 49.5 வோல்ட் என்றால் ஸ்ட்ரிங்குக்கு 792 வோல்ட். பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் 1,000 வோல்ட் இன்வெர்ட்டருக்குள் அடங்கும். தொட்டி நிழல் படும் பேனல்களைத் தனி ஸ்ட்ரிங்காக்கி, தனி எம்.பி.பி.டி.யில் (பேனல்களிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் இன்வெர்ட்டர் பகுதி) கொடுங்கள். இல்லையென்றால் ஒரு மூலையின் நிழல் மற்ற பேனல்களையும் இழுக்கும். டி.சி. பக்கம் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர். ஒரு கம்பெனியின் ஆண் முனையை இன்னொரு கம்பெனியின் பெண் முனையில் செருகினால் பொருந்தியது போலத் தெரியும். உள்ளே தொடர்பு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகும். டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் பிட் தோண்டுங்கள். இடிதாங்கிக் கம்பத்தை பேனல் வரிசைக்குத் தெற்கே நட்டு, அதன் நிழலை வருஷத்தின் பெரும்பகுதி வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். லைன்மேன் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானே அணையும். ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் ஓட வேண்டுமானால் அதற்கென்று கன்ட்ரோலர் தேவை. அது இல்லாமல் இணைத்தால், லோடு குறையும் நேரத்தில் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பும்.

நாளுக்குச் சராசரியாக 200 யூனிட் வரும். விடுமுறை நாளில் அதில் பெரும்பகுதி வெளியே, மின் வாரிய லைனுக்குப் போகும், எனவே அதைக் கணக்கிடும் மீட்டர் முறையை வாரியத்தோடு முதலிலேயே பேசி முடியுங்கள். டெண்டரில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும், யூனிட் குறைந்தால் பிடித்தம் என்ற விதியையும் எழுதுங்கள். மாடிக்குத் தண்ணீர்க் குழாயும் அதிலேயே சேரட்டும். குழாய் இல்லாத மாடியில் யாரும் வாளி தூக்கிப்போய்க் கழுவ மாட்டார்கள். கழுவுவது விடியற்காலையில், உப்புப் போர்த் தண்ணீர் ஆகாது, வெள்ளைத் தடம் கண்ணாடியில் நின்றுவிடும்.