மைலேஜுக்காகப் பிக்கப்பின் இன்ஜினை மாற்றலாமா? டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு டீசல் செலவைப் பற்றிப் புலம்பிப் பாருங்கள். "இந்த இன்ஜினை இறக்கிவிட்டுச் சின்னதாக ஒன்றை ஏற்று, லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும்" என்று சொல்ல யாராவது ஒருவர் கிடைப்பார். கும்பகோணமோ மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, பட்டறை வாசலில் இந்த யோசனைக்குப் பஞ்சமில்லை. டெல்டாவுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு, டீசலை மிச்சப்படுத்துவது ஒன்றே காரணமாக இருந்தால், இன்ஜின் மாற்றம் போட்ட பணத்தைத் திருப்பித் தருவது அரிது. அப்படியும் பலர் ஏன் அதில் இறங்குகிறார்கள் என்று பார்த்தால், கணக்கு தொடங்கும் இடத்திலேயே கோளாறு இருக்கிறது.

கிலோமீட்டரை எண்ணி லிட்டரை மறப்பது

'லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும்' என்ற பேச்சு எல்லா வண்டிக்கும் ஒரே லாபத்தைத் தராது. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10 கொடுக்கத் தொடங்கினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 125 லிட்டர் குடித்தது 100 லிட்டராகிறது; 25 லிட்டர் மிச்சம். 14 கொடுத்த வண்டி 16 கொடுத்தால் அதே ஆயிரம் கிலோமீட்டருக்கு 9 லிட்டர்கூட மிஞ்சாது. இரண்டு இடத்திலும் கூடியது அதே இரண்டு கிலோமீட்டர்தான். ஆகவே மைலேஜ் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மாதம் எத்தனை லிட்டர் குறையும் என்று கேட்க வேண்டும்.

உள்ளூரில் ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். இப்போது லிட்டருக்கு 11 கொடுக்கிறது. மாற்றிய பின் 13 கொடுக்கும் என்று நம்புகிறோம். 136 லிட்டர் 115 ஆகும். டீசலை 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் மிஞ்சுவது சுமார் 1,950 ரூபாய். இன்ஜின், மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஒயரிங், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், வட்டி போடாமலேயே முதல் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். பழைய வண்டி அதுவரை தாங்குமா என்பது தனிக் கேள்வி.

இதிலும் ஒரு தாராளம் இருக்கிறது. டெல்டாவில் வாடகை பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக வருவதில்லை. குறுவை அறுவடையில் ஓய்வில்லாமல் ஓடும் வண்டி, தை மாசியில் சம்பா நெல்லைச் சுமந்து முடித்தபின், மேட்டூரில் தண்ணீர் நிறுத்திய கோடையில் பாதி நாள் மரத்தடியில் நிற்கும். ஓடாத வண்டி எதையும் மிச்சப்படுத்தாது. பட்டறையில் வண்டி நிற்கும் மூன்று வாரம் அறுவடைக் காலத்தில் வந்துவிட்டால், போகும் வாடகையையும் செலவுப் பக்கம் எழுதத்தான் வேண்டும். நான் பார்த்த மட்டில் இதை யாரும் எழுதுவதில்லை.

கோயம்பேட்டுக்கு வாழை இலையும் காயும் ஏற்றிப் போகும் வண்டிக்குக் கணக்கு வேறு. கும்பகோணத்திலிருந்து போகவர ஏறக்குறைய 600 கிலோமீட்டர். மாதம் பன்னிரண்டு நடை என்றால் 7,200. அதே 11-இலிருந்து 13-க்கு ஏறினால் மாதம் நூறு லிட்டர் மிஞ்சும், ஒன்றே கால் ஆண்டு சொச்சத்தில் முதல் திரும்பிவிடும். தாளில் இது லாபம்தான். ஆனால் ஆண்டுக்கு எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வழியில் நள்ளிரவில் நின்றுவிடாத வண்டியை நம்பியே பிழைக்கிறார். விடிவதற்குள் சந்தைக்குப் போகாத இலைக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவருக்கே தெரியும். அந்தத் தூரத்துக்குப் பொருத்திப் பார்த்த இன்ஜினைவிட, பழையதை விற்றுவிட்டு நல்ல நிலையில் உள்ள வேறு வண்டி வாங்குவதே மேல். அதற்கும் முன்னால் செலவில்லாத வழி ஒன்று உண்டு: வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடும்; 60-இல் போகும்போது இருப்பதைவிட 80-இல் முக்கால் பங்குக்கும் மேல் அதிகம். பாரத்தைத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டி, 65-ஐத் தாண்டாமல் போகும் ஓட்டுநர், புது இன்ஜின் தருவதாகச் சொல்லப்பட்ட மிச்சத்தில் பெரும்பங்கை இன்றைக்கே கொண்டுவந்து கொடுப்பார்.

நோயாளியோடு பயில்வானை ஒப்பிடுவது

அதிகப் பணத்தைத் தின்பது இந்தத் தவறுதான். தேய்ந்துபோன பழைய இன்ஜினின் இன்றைய மைலேஜை, நல்ல நிலையில் உள்ள இன்னொரு இன்ஜினின் மைலேஜோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் இன்ஜின் ரகத்தின் பெருமையாக எழுதிவிடுகிறார்கள். பழையதைச் சரிசெய்தால் எவ்வளவு கொடுக்கும் என்பதே முதலில் தெரிய வேண்டியது.

பாரத்தோடு மூன்று டன் இருக்கும் பிக்கப், சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக, சக்கரத்துக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 10 குதிரைத்திறன்தான். அதில் பெரும்பங்கு டயர் உருளும் தடைக்குப் போகிறது, மீதி காற்றுக்கு. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான் உண்டு. ஆகையால் இங்கே டீசல் போகும் வழிகள் வேறு. காற்றுக் குறைந்த டயர், தேய்ந்த வீல் பேரிங், முழுதாக விடாத பிரேக், தொகுதி தொகுதியாக வரும் வேகத்தடை, கரைச் சாலையில் எதிரே வரும் வைக்கோல் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போவது. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்த்த வேகம் சூடாகிப் போய்விடுகிறது. எந்த இன்ஜினும் அதைத் திருப்பித் தராது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மீனும் உப்பும் ஏற்றும் வண்டிகளில் பிரேக் விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டியது. உப்புக் காற்றும் ஐஸ் கரைந்து ஒழுகும் தண்ணீரும் சேர்ந்து டிரம்மையும் வீல் சிலிண்டரையும் துரு ஏற்றிவிடும். பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும் வண்டி மைலேஜ் கொடுக்காது. ஓட்டுநர் இன்ஜினைத் திட்டுவார். சோதிப்பதற்குக் கருவி வேண்டாம். சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அங்கே இருக்கிறது.

அதன்பிறகு இன்ஜினுக்கு வரலாம். ஏர் ஃபில்டர், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் கசிவு, டீசலைத் தெளிக்கும் நாசில், வால்வு இடைவெளி, கிளட்ச் வழுக்கல். கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் சமமாக, தயாரிப்பாளர் சொன்ன அளவை ஒட்டி இருந்தால், அந்த இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. குறைந்திருந்தால் ரிங், லைனர் மாற்றி ஹெட்டைச் சரிசெய்யும் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் மாற்றத்தோடு ஒப்பிட வேண்டிய தொகை அதுதான். டீசல் குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அதனால் மைலேஜ் கூடாது.

நெல் கொள்முதல் நிலையத்து வரிசையையும் சொல்ல வேண்டும். இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மணிக்கு அரை லிட்டராவது போகும். நாற்பது கிலோ சிப்பம் 37 ஏற்றினாலே ஏறத்தாழ ஒன்றரை டன். "இன்னும் பத்து போடு, ஒரே நடையில் முடியட்டும்" என்று ஏற்றிவிட்டு மைலேஜைக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அளப்பதும் டேங்கை நிரப்பி, பலநாள் ஓட்டி, மறுபடி அதே பெட்ரோல் பங்கில் நிரப்பிப் பார்த்தால்தான் நம்பலாம். டயர் அளவு மாற்றிய வண்டியில் மீட்டர் காட்டும் தூரமே பொய்.

சின்ன இன்ஜின் மட்டும் போதும் என்று நினைப்பது

சின்ன இன்ஜின் குறைவாகக் குடிக்கும் என்பதில் உண்மை இருக்கிறது. பெரிய இன்ஜின் லேசான சுமையில் ஓடும்போது தன் உராய்வுக்கே டீசலில் கணிசமான பங்கைச் செலவழிக்கும். ஆனால் பழைய வண்டியின் கியர்பாக்ஸும் பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனும் பழைய இன்ஜினின் இழுவைக்கு ஏற்ப அமைந்தவை. புது இன்ஜினின் பலம் வேறு சுழற்சி வேகத்தில் வருமானால், நான்காவது கியரில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவதில் கத்திக்கொண்டு போகும். மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். அதற்காகக் கிரவுன் பினியனையும் மாற்றப் புறப்பட்டால் ஒன்றரை லட்சம் என்ற எண்ணை மறந்துவிடலாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் இன்ஜின் என்றால் சென்சாரும் ஒயரிங்கும் கூடவே வர வேண்டும். பாதி ஒயரை வெட்டி ஒட்டிய வண்டியில் எச்சரிக்கை விளக்கு அணையவே அணையாது.

ஆர்.சி. புத்தகத்தை மறப்பது

இன்ஜின் எண், கனஅளவு, சிலிண்டர் எண்ணிக்கை, எரிபொருள் எல்லாம் பதிவுச் சான்றில் இருக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே விளக்கியது. 'சின்னதாக வேறு ஒன்று' என்ற யோசனை முட்டி நிற்கும் இடம் இது. சட்டத்தை மீறி மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சி.என்.ஜி. போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவி பொருத்துவது தனி வழி. அதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு.

வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அங்கே எண் பொருந்தவில்லை என்றால் வண்டி வாசலைத் தாண்டாது. அதைவிட மோசமானது விபத்து. இழப்பீட்டுக்கு வரும் ஆய்வாளர் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும். மிச்சம் பிடித்த டீசல் பணம் முழுவதும் ஒரே நாளில் போக இது போதும். கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும்.

எப்போது மாற்றலாம்

இன்ஜின் உண்மையிலேயே செத்துப்போனால் மாற்றலாம். டெல்டாவில் அதற்கு வழக்கமான காரணம் ஐப்பசி, கார்த்திகை மழை. தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டு, ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீர் அழுந்தாது, பிஸ்டன் மேலே வர இடமில்லை. சில நேரம் பிளாக்கே உடையும். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போடாமல் கட்டி இழுத்துவந்து, நாசிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றினால் பல இன்ஜின்கள் தப்பித்துவிடும். சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

பிளாக் போய்விட்டது என்று உறுதியானால், அதே நிறுவனத்தின் அதே ரக இன்ஜினையே தேடுங்கள். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்பதற்குத் தாள் இருக்க வேண்டும்; திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் சிக்கல் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். பத்து வாடகை வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருந்து அரசின் அனுமதி பெற்றவர்கள் அதே ரக இன்ஜினை முன்ஒப்புதல் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, புது எண்ணைச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பில்லில் இன்ஜின் எண்ணை எழுதி வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே ஒரு நகல் அனுப்பிவிட்டு வண்டியை வாடகைக்கு எடுங்கள்.