பிள்ளைக்கு நன்றியுணர்வைப் பழக்க மூன்று கேள்விகள்

அமெரிக்காவில் உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் 221 பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. தமக்குக் கிடைத்த நல்லவற்றைத் தினமும் இரண்டு வாரம் எழுதிய பிள்ளைகளுக்கு, அன்றாட எரிச்சல்களை எழுதியவர்களைவிட எதிர்மறை உணர்வுகள் குறைவாக இருந்தன. பள்ளியும் கூடுதலாகப் பிடித்தது.

வீட்டில் இதற்குப் படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் போதும். அன்று பிள்ளைக்கு உதவிய ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு கேளுங்கள்: அவர் வேண்டுமென்றே உனக்காகச் செய்தாரா? அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்? அதனால் உனக்கு என்ன கிடைத்தது? பள்ளி ஆட்டோக்காரர் மழையில் பத்து நிமிடம் காத்திருந்தார் என்றால், அவர் அடுத்த சவாரிக்குத் தாமதமானதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். இரண்டாவது கேள்விதான் மிக முக்கியம். அடுத்தவர் பட்ட சிரமம் கண்ணில் பட்டால்தான் நன்றி உள்ளிருந்து வரும். எட்டு வயதுக்கு மேல் மூன்றையும் கேட்கலாம். நான்கைந்து வயதுக்கு "இன்னைக்கு யாரு உனக்கு உதவினாங்க?" என்பது மட்டும் போதும்.

தினமும் "அம்மா, அப்பா, சாமி" என்றே பதில் வந்தால் சலித்துவிட்டது என்று பொருள். வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள். அழுதுகொண்டிருக்கும் நாளில் கேட்கவே வேண்டாம்.

"உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது குற்ற உணர்வைத்தான் வளர்க்கும்; பிள்ளை தனக்கு வேண்டியதைக் கேட்கவே தயங்க ஆரம்பிக்கும். அதற்குப் பதில், அன்று உங்களுக்கு உதவியவரைப் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள்.