பிரைவேட் பார்க்கிங் டிக்கெட்: அப்பீல் தேதி போன பிறகு செய்யக் கூடாதவை

பிரைவேட் பார்க்கிங் கம்பெனி டிக்கெட் அனுப்பி, அப்பீல் செய்ய 28 நாள் கொடுத்திருந்தார்கள், கவரைப் பிரிக்கவே இல்லை, பிரித்தபோது தேதி முடிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? இங்கே இங்கிலாந்தில் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆபீஸ் நண்பர்கள், தூரத்துச் சொந்தம், கோயிலில் பார்த்துப் பழகிய முகம் என்று ஆளுக்கொரு கவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கம்பெனி மாறும், கார் பார்க் மாறும், செய்து வைத்திருக்கிற தப்பு மட்டும் மாறாது. போர்டைப் படியுங்கள், மெஷினில் கார் நம்பரைச் சரியாகப் போடுங்கள் என்கிற உபதேசம் இதில் கிடையாது. டிக்கெட் வந்தாச்சு, தேதியும் போயாச்சு, அதற்கப்புறம் நடப்பதை மட்டும் சொல்கிறேன். அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

அப்பீல் போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பது

அப்பீல் என்பது முதலில் அந்தக் கம்பெனியிடமே முறையிடுவது. அவர்கள் மறுத்தால், பார்க்கிங் கம்பெனிகளின் எந்தச் சங்கத்தில் அவர்கள் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற அப்பீல் அமைப்புக்குப் போவது. தேதியைத் தவறவிட்டால் இந்த வாய்ப்பு போகும், 14 நாளுக்குள் கட்டினால் கிடைக்கும் 40 சதவீதத் தள்ளுபடியும் போகும். அவ்வளவுதான். கோர்ட்டில் எதிர்த்து நிற்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அப்பீல் செய்யாததால் பணத்தை ஒத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று ஆகிவிடாது.

ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், ஊருக்குப் போயிருந்தீர்கள் என்றால் ஆதாரத்தோடு எழுதி, தாமதமான அப்பீலை ஏற்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் நஷ்டமில்லை. கடையின் கார் பார்க் என்றால் இன்னொரு வழியும் உண்டு. வாங்கிய சாமானின் பில்லை எடுத்துக்கொண்டு கடை மேனேஜரைப் போய்ப் பாருங்கள். இடம் கடையுடையது அல்லது அதன் நில உரிமையாளருடையது, பார்க்கிங் கம்பெனி அங்கே கான்ட்ராக்ட்காரன் மட்டுமே. மேனேஜர் ஒரு இமெயில் போட்டு ரத்து செய்யவைத்த டிக்கெட்டுகள் நிறைய. இதற்குத் தேதியும் கிடையாது.

கவுன்சில் டிக்கெட்டோடு குழப்பிக்கொள்வது

இரண்டையும் பி.சி.என். என்றுதான் சொல்வார்கள் (பிரைவேட்டில் பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ், கவுன்சிலில் பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்). லெட்டரில் கவுன்சில் பெயர் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே கவுன்சிலுக்குப் பதில் எழுதுங்கள். அங்கே தொகை பாதி மடங்கு ஏறும், வழக்கு விசாரணை எதுவும் இல்லாமலே பெயிலிஃப் (ஜப்தி செய்ய வருபவர்) வரை போகும்.

கோர்ட் லெட்டரையும் மற்றதோடு சேர்த்துத் தூக்கிப் போடுவது

இதைப் பற்றித்தான் முழுக்கப் பேசவேண்டும். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது, எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவதும் இதில்தான்.

நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் டிக்கெட் படத்தைப் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் ஒரு அண்ணன் வந்துவிடுவார்: "பிரைவேட் டிக்கெட்தானே தம்பி, கிழிச்சுப் போடு, ஒண்ணும் பண்ண முடியாது." இந்த அறிவுரைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 2012 அக்டோபருக்கு முன்னால் காரை யார் ஓட்டினார் என்று கம்பெனிக்குத் தெரிந்தால்தான் வழக்கே போட முடியும், கார் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பிடிக்க முடியாது. சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் 2012 வந்து, அதன் நான்காவது அட்டவணையில், சில நிபந்தனைகளோடு காரின் பதிவாளரையே (கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரையே) பொறுப்பாக்க வழி செய்துவிட்டார்கள். அப்புறம் 2015-ல் பார்க்கிங் கம்பெனிக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. அண்ணன் சொல்வது அதற்கெல்லாம் முந்தைய கதை. அவர் யாரிடமோ கேட்டதை அப்படியே ஃபார்வர்ட் செய்துகொண்டிருக்கிறார். மாட்டிக்கொள்கிறவர்கள் அபராதம் கட்டும்போது அந்தக் குழுவில் அவர் சத்தமே இருக்காது.

ஸ்லவ் பக்கம் இருக்கும் ஒரு தம்பி, சாஃப்ட்வேர் வேலை, நல்ல சம்பளம், கிரெடிட் கார்டில் ஒரு பவுண்டு பாக்கி வைத்ததில்லை. வீடு வாங்க மோர்ட்கேஜ் கேட்டபோது முதல் கட்டத்திலேயே மறுத்துவிட்டார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அவர் பெயரில் கவுண்டி கோர்ட் தீர்ப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. என்ன கேஸ் என்றே அவருக்கு ஞாபகம் இல்லை. சமையலறை டிராயரில் டேக்அவே மெனுக்களுக்கு அடியில் ஒரு கத்தை கவர்கள் கிடந்தன, அதை மேஜையில் கொட்டிப் பிரித்தோம். முதலில் பார்க்கிங் கம்பெனியின் நோட்டீஸ், 100 பவுண்டு. அடுத்து நினைவூட்டல். அப்புறம் கடன் வசூல் கம்பெனியின் லெட்டர்கள், 170 பவுண்டு, எல்லாம் கொட்டை எழுத்தில், சிவப்புப் பட்டையோடு, "இறுதி எச்சரிக்கை" என்று. அதற்கப்புறமும் இன்னொரு இறுதி எச்சரிக்கை. இவற்றுக்கு நடுவில், பிரிக்கப்படாமல், சாதாரண வெள்ளைக் கவரில் நார்தாம்டனிலிருந்து வந்த கோர்ட் படிவம்.

அது பார்க்க எதுவுமே இல்லாத காகிதம். மேல் மூலையில் வழக்கு எண், வெளியிட்ட தேதி, கோர்ட் முத்திரை. நடுவில் ஒரு பெட்டிக்குள் வழக்கின் விவரம், அதுவும் ஆன்லைனில் போடும்போது 1080 எழுத்துக்குள் அடக்கவேண்டும் என்பதால் தந்தி மாதிரி இருக்கும். கீழே தொகைகள்: கேட்கும் பணம், 35 பவுண்டு கோர்ட் கட்டணம், 50 பவுண்டு வக்கீல் செலவு. ஆன்லைனில் பதில் போடுவதற்கான பாஸ்வேர்டும் அதிலேயே அச்சாகியிருக்கும். கத்தித் தீர்க்கிற லெட்டர்களை அனுப்பியவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. சத்தமே போடாத இந்த ஒன்றுக்குத்தான் அதிகாரம். நம் ஆட்கள் சிவப்பு லெட்டரைப் பார்த்து இரண்டு வாரம் தூங்காமல் இருந்து, அது வெறும் மிரட்டல் என்று பழகிப்போய், இது வரும்போது பிரிக்காமலே போட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படிவம் வந்தால் கணக்கு இதுதான். வெளியிட்ட தேதியிலிருந்து ஐந்தாம் நாள் உங்களுக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து 14 நாளுக்குள் படிவம் கிடைத்தது என்று ஆன்லைனில் ஒப்புதல் போடவேண்டும். போட்டால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும், அதாவது படிவத்தில் இருக்கும் தேதியிலிருந்து 33 நாள். ஒப்புதல் போடும் பக்கத்தில் வழக்கை முழுதாக எதிர்க்கிறேன் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோர்ட்டின் அதிகார எல்லையையே எதிர்க்கிறேன் என்று ஒரு கட்டம் இருக்கும், அது கம்பீரமாகத் தெரிகிறது என்று டிக் போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு சண்டை, அதற்குத் தனி மனு போடவேண்டும், உங்களுக்கு வேண்டாம். கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அனுப்பினால் அடுத்த நாள் கணக்கில் போகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் தாண்டிவிட்டாலும் கைவிடாதீர்கள், தீர்ப்பு பதிவாவதற்கு முன்னால் எதிர்வாதம் போய்ச் சேர்ந்துவிட்டால் தப்பிக்கலாம்.

எதுவும் செய்யாமல் இருந்தால் கம்பெனி ஒரு படிவம் போடும், யாரும் எதையும் விசாரிக்காமல் தீர்ப்பு வந்துவிடும். அவர்களின் நோட்டீஸ் தப்பா, போர்டு மரத்துக்குப் பின்னால் இருந்ததா என்று ஒரு நீதிபதியும் பார்க்கமாட்டார். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டினால் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் கட்டினால் "கட்டியாச்சு" என்ற குறிப்போடு ஆறு வருஷம் அங்கேயே இருக்கும். அதை ரத்து செய்யவைக்க என்244 என்ற மனு, அதன் கட்டணம் மட்டுமே 300 பவுண்டைத் தாண்டும் (வருமானம் குறைவு என்றால் கட்டணச் சலுகை கேட்கலாம்). கட்டினாலும் உறுதி இல்லை: ஜெயிக்க நிஜமான வாய்ப்பு இருக்கிறது, தெரிந்தவுடனே தாமதிக்காமல் வந்தேன் என்று இரண்டையும் காட்டவேண்டும். வீட்டு டிராயரிலேயே படிவம் கிடந்தது என்றால் அந்த இரண்டாவது விஷயத்தை எப்படிச் சொல்வது? ஸ்லவ் தம்பி 60 பவுண்டில் முடித்திருக்கக்கூடிய, இல்லை எதிர்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கக்கூடிய ஒரு டிக்கெட்டுக்காகப் பார்த்துவைத்த வீட்டை விட்டார்.

படிவத்துக்கு முன்னால் ஒரு லெட்டர் வரும், வழக்குக்கு முந்தைய கடிதம், 30 நாள் அவகாசம் கொடுத்து. அதற்கும் பதில் எழுதவேண்டும். நோட்டீஸ், புகைப்படம், போர்டின் படம், நில உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றின் நகலும் கேளுங்கள். கூடவே வரும் வரவுசெலவுப் படிவத்தை நிரப்பாதீர்கள், அது கடனை ஒத்துக்கொண்டு தவணை கேட்பவர்களுக்கு.

வசூல் கம்பெனிக்கு போன் போட்டுப் பேசுவது

பேசவேண்டாம். அவர்கள் பெயிலிஃப் இல்லை, வீட்டுக்கு வந்து எதையும் எடுக்க முடியாது, கிரெடிட் ரிப்போர்ட்டில் கை வைக்கவும் முடியாது. அதற்கெல்லாம் கோர்ட் தீர்ப்பு வேண்டும். போனில் தேன் ஒழுகப் பேசி, "இன்னிக்கே கட்டினா 140-க்கு முடிச்சுடலாம் சார்" என்பார்கள். கூடுதலாக ஏற்றிய 70 பவுண்டில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு பாவனை. கார் பதிவாளர் என்ற முறையில் உங்களிடம் 2012 சட்டப்படி வசூலிக்கக்கூடியது முதல் நோட்டீஸில் போட்ட தொகைதான். கட்டுவது என்று முடிவெடுத்தாலும் அந்தத் தொகையைப் பேசுங்கள், எழுத்தில் பேசுங்கள்.

"நான்தான் ஓட்டினேன், மன்னிச்சுக்குங்க"

தேதி போன பதற்றத்தில் நம்மவர்கள் முதலில் எழுதும் வரி இது. பணிவாக இருந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. விடமாட்டார்கள். பிரைவேட் டிக்கெட்டில் யார் ஓட்டினார் என்று சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. "காரின் பதிவாளர் என்ற முறையில் எழுதுகிறேன்" என்று தொடங்கினால் போதும்.

காரணம் இருக்கிறது. பதிவாளரைப் பிடிக்க அவர்கள் சட்டத்தின் நிபந்தனைகளை அப்படியே நிறைவேற்றியிருக்கவேண்டும். கேமரா டிக்கெட் என்றால் நோட்டீஸ் 14 நாளுக்குள் உங்களுக்கு வந்திருக்கவேண்டும், தபாலில் போட்டு இரண்டு வேலை நாளில் வந்ததாகக் கணக்கு. கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட் என்றால் 29-ஆம் நாளுக்கும் 56-ஆம் நாளுக்கும் நடுவில். நோட்டீஸின் வாசகங்களும் சட்டம் சொன்னபடி இருக்கவேண்டும். விமான நிலையம், ரயில் நிலையம் மாதிரி தனி விதிகள் உள்ள நிலமாக இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாமல் போகலாம். இதில் ஒன்று இடறினாலும் அவர்கள் டிரைவரைத்தான் தேடவேண்டும். டிரைவர் நான்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்கள் நோட்டீஸில் எத்தனை ஓட்டை இருந்தும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆனால் கோர்ட்டில் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அது வேறு வம்பு.

லாக்புக்கில் பழைய அட்ரஸ்

லைசென்ஸில் மாற்றினேனே என்பார்கள். லாக்புக் (காரின் பதிவுச் சான்று) தனி; அதையும் மாற்றுங்கள், இன்றைக்கே. பார்க்கிங் கம்பெனி டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்திடம் 2.50 பவுண்டு கொடுத்து வாங்குவது லாக்புக் அட்ரஸைத்தான். வீடு மாறிய பிறகு ஒரு டிக்கெட் தொங்கலில் இருப்பது தெரிந்தால் கம்பெனிக்குப் புது அட்ரஸை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தெரிந்தும் பழைய வீட்டுக்கே கோர்ட் படிவத்தை அனுப்பினார்கள் என்றால் தீர்ப்பை ரத்து செய்வது எவ்வளவோ சுலபம்.

ஆறு வருஷம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவது

வழக்கு போட அவர்களுக்கு இருக்கும் கெடு ஆறு வருஷம். ஐந்தாம் வருஷத்திலும் வழக்கு போடலாம், போட்டும் இருக்கிறார்கள்.

"அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று எதிர்வாதம் எழுதுவது

கார் பார்க் பாதி காலியாக இருந்தது, இலவச பார்க்கிங், பத்து காசு நஷ்டமில்லை, எதற்கு 100 பவுண்டு? நியாயமான கேள்விதான். ஆனால் செம்ஸ்ஃபோர்டில் ஒரு ரீட்டெய்ல் பார்க்கில் இரண்டு மணி நேர இலவசத்தைக் கிட்டத்தட்ட 56 நிமிஷம் தாண்டி நின்ற காருக்கு 85 பவுண்டு போட்ட வழக்கு, பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ், உச்ச நீதிமன்றம் வரை போய் 2015 நவம்பரில் கம்பெனி ஜெயித்தது. இடம் சீராக ஓடுவதில் அவர்களுக்கு நியாயமான அக்கறை இருக்கிறது, தொகையும் அதற்கு மீறியதில்லை என்றார்கள். அந்தக் கார் பார்க்கில் போர்டுகள் பெரிதாக, தெளிவாக இருந்தன என்பதும் அந்தத் தீர்ப்பில் முக்கியம். எனவே உங்கள் சண்டையைப் போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்: அபராதத் தொகை எந்த அளவு எழுத்தில் இருந்தது, ராத்திரி வெளிச்சம் இருந்ததா, நுழையும் இடத்தில் கண்ணில் பட்டதா. போய்ப் படம் எடுங்கள். நேரம் முடிந்து 10 நிமிஷச் சலுகை கொடுத்தார்களா என்றும் பாருங்கள். கேமரா காட்டுவது உள்ளே நுழைந்த நேரமும் வெளியே போன நேரமும், நிறுத்திய நேரத்தை அல்ல. குழந்தை அழுதது, கியூ நீளம் என்பதெல்லாம் கடை மேனேஜரிடம் சொல்லவேண்டியவை.

ஹியரிங் வரை வந்துவிட்டுப் போகாமல் இருப்பது

2024 மே மாதத்திலிருந்து இந்தச் சின்ன வழக்குகளுக்கு முதலில் போனில் ஒரு மணி நேரச் சமரசப் பேச்சு கட்டாயம். அந்த அழைப்பை எடுங்கள், பணம் தர ஒத்துக்கொள்ளவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கோர்ட்டில் தேதி கொடுப்பார்கள். சாட்சி அறிக்கையும் படங்களும் எந்தத் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று அந்த உத்தரவிலேயே இருக்கும், கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பவேண்டும். ஹியரிங் கட்டணம் கட்டவேண்டியது அவர்கள், அந்தக் கட்டத்தில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. ஆனால் வாபஸ் நோட்டீஸ் கையில் வராதவரை லீவு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.