குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள்: மழைக்காலத்தில் நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் நாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, ராத்திரியிலிருந்து பால் ஊத்துறேன், இறங்கவே மாட்டேங்குது." இன்னொரு கையில் கைக்குழந்தைக்குப் புகட்டும் பாலாடை. குட்டியின் மூக்கில் பால் நுரைத்து நின்றது. பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2020 டிசம்பரில் நானும் இதே மாதிரி பாலாடையோடு நின்றவன்.

மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும், வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசமாக வளர்ப்பவர்களே செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

"இங்கே என்ன குளிர்?"

நம் ராமநாதபுரம் கரையில் தை மாத ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதை நம்பித்தான் நாயை வெளியே விட்டுவிடுகிறோம். ஆனால் இங்கே நாயை வாட்டுவது ஈரமும் காற்றும் சேர்ந்து வருவதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த உடம்பின் மேல் வாடைக் காற்று விடாமல் அடித்தால் சூடு மளமளவென்று இறங்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்கு மயிரும் குட்டை, உடம்பில் கொழுப்பும் குறைவு. தெருநாய்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் என்று பாக் விரிகுடாவைப் பார்த்த ஊர்களில் கூண்டின் வாசலைக் கடல் பக்கம் வைப்பவர்கள் நிறையப் பேர். வாசல் தெற்கையோ மேற்கையோ பார்க்கட்டும். வாடைக்குக் கூண்டின் முதுகைக் காட்டுங்கள். அதற்காகத் தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடவும் கூடாது. உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம் தங்கி, எல்லாம் பிசுபிசுத்துப் போகும்.

சாக்கு

சாக்கு விரித்தால் கதகதப்பு என்று நினைக்கிறோம். காய்ந்திருக்கும்வரை சரி. ஒரு சாரல் பட்டால் போதும், தண்ணீரைக் குடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க நாயின் வயிற்றுச் சூட்டை உறிஞ்சும். கடல் தண்ணீர் பட்ட துணி இன்னும் மோசம். பகலில் மொறமொறவென்று காய்ந்தாலும் அதில் இருக்கும் உப்பு ராத்திரி மறுபடியும் ஈரத்தை இழுத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த துணிதான் வேண்டும்.

நான் செய்வது இதுதான். மீன் பெட்டி இரண்டைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஒரு பலகை, பலகையில் வைக்கோல். மேலே பனை ஓலைக் கூரை. படுக்கும் முன் வைக்கோலில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் அள்ளி வெளியே போட்டுவிட்டு வேறு வைக்கோல்.

குளிர்ந்த குட்டிக்குப் பால்

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வருகிறது. வருஷா வருஷம் யாராவது செய்கிறார்கள், குட்டி செத்த பிறகு "நல்லாத்தான் பால் குடிச்சுச்சு, விதி" என்கிறார்கள்.

நம் பக்கம் தெருநாய்கள் நிறைய குட்டி போடுவது சரியாக இந்த அடைமழை மாதங்களில்தான். கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் வள்ளத்துக்கு அடியில் மணலைப் பறித்துக்கொண்டு போடும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்று மழையாய்க் கொட்டியது. அப்போது அப்படியொரு வள்ளத்துக்கு அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. கறுப்பி என்று நாங்கள் கூப்பிடும் நாய் வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து குட்டிகளையும் மீன் கூடையில் அள்ளி வந்தேன். பிறந்து மூன்று நாள்கூட இருக்காது. எல்லாம் துவண்டு கிடந்தன. பசி என்று நினைத்தேன். பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, ஒவ்வொன்றையும் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு, பாலாடையால் ஊற்றினேன்.

நாலு குட்டிகள் வாங்கிக்கொண்டன. ஒன்று மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு திறக்கவே இல்லை. "அதை இங்க குடு" என்று அம்மா வாங்கி, ஈரத்தைத் துடைத்து, முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். விடியும்போது பால் குடித்த நாலும் வயிறு உப்பி, மூக்கில் பால் வழியக் கிடந்தன. அம்மா மடியில் இருந்தது மட்டும் முனகிக்கொண்டு தலையைத் தூக்கியது.

ஏன் என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடு உண்டாக்கவே தெரியாது. பெரிய நாயின் உடல் சூடு 38, 39 டிகிரி என்றால் அந்த வாரக் குட்டிக்கு 35 முதல் 37 வரைதான். அதுவும் தாயை ஒட்டிப் படுத்தால்தான் நிற்கும். 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிட்டால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அப்போது ஊற்றுகிற பால் செரிக்காது. வயிற்றிலேயே கெட்டு உப்பும். சப்பி விழுங்கும் திறனும் போய்விடுவதால் பால் நுரையீரலுக்குள் இறங்கும். மல்லாக்கப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதலில் சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் ஜில்லென்று இருந்தால், விரலைச் சப்பவில்லை என்றால், பாலைத் தொடாதீர்கள். காய்ந்த துணியால் மயிர் பிரியும் அளவுக்குத் துடையுங்கள். பிறகு உங்கள் நெஞ்சோடு, தோல் படும்படி வைத்து மேலே போர்த்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மணிக்கட்டில் வைத்தால் சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். குட்டி விலகிப் போகவும் இடம் விடுங்கள். அடுப்புப் பக்கம் காட்டி அவசரமாகச் சூடேற்றுவதும் ஆபத்து. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட ஆகும். பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

வாய் வெதுவெதுப்பாகி, விரலை இழுத்துச் சப்பத் தொடங்கியதும் தாயிடம் விடுங்கள். தாய் இல்லையென்றால் குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து, குப்புறப் படுக்கவைத்து, தலை கொஞ்சம் தூக்கியிருக்கும்படி சின்னப் பால்புட்டியில் கொடுங்கள். நாய்ப்பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் பாதிகூட இல்லை. பாலாடையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

கரி நெருப்பு

சீமைக்கருவேலங்கரி நம் ஊரில் எங்கும் கிடைக்கும். புகை வராது என்று சட்டியில் கங்கு போட்டு, கூண்டுக்குள்ளோ பூட்டிய அறையிலோ வைக்கிறார்கள். புகை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நாய் தூங்குவது போலவே செத்துக் கிடக்கும். அறையில் மனிதர் இருந்தால் அவருக்கும் அதே கதிதான்.

நம் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை

கால் மாத்திரைகூட வேண்டாம்.

தேங்கிய தண்ணீர்

எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும். நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். வருஷத் தடுப்பூசியை மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் வைத்திருந்தால் குட்டையில் வாய் வைப்பதும் குறையும்.

சட்டை

காய்ந்திருந்தால் போடுங்கள். நனைந்த உடனே கழற்றுங்கள்.

லாரிக்கு அடியில் படுக்கும் நாய்

வண்டியை எடுக்கும் முன் குனிந்து பாருங்கள். குட்டி இருந்தால் டயர் ஓரத்தில்தான் சுருண்டிருக்கும்.

சங்கிலி

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன் எல்லாம் வெள்ளக்காடு. அந்த மாதிரி மழையில் தண்ணீர் தெருவிலிருந்து வாசலுக்கு வர அதிக நேரம் எடுக்காது. அவிழ்த்துவிட்டால் நாய் திட்டு பார்த்து ஏறிக்கொள்ளும், கட்டிப்போட்ட நாயால் முடியாது. கனமழை எச்சரிக்கை வந்தால் ஊருக்குப் போகும் முன், கதவைப் பூட்டும் முன், சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள். முடிந்தால் மாடிப்படியில் ஒரு காய்ந்த பலகையும் போட்டு வையுங்கள்.