கவசம் எண்ணெய் பூசியதுபோல் மின்னினால்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சரியாகத் தெரிந்த இரும்புக் கவசம், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டுக்குள் போனதும் தோல் வார் உட்பட மொத்தமும் மின்னியது. வெட்டுத் தழும்புகள் குழியாகாமல் புடைத்து நின்றன. வண்ணக் கோப்பைத் திருத்திப் பயனில்லை. இரண்டுமே நார்மல் மேப், அதாவது மேற்பரப்பின் மேடுபள்ளத்தை வண்ணங்களாகச் சொல்லும் படத்தின் கோளாறு.

இந்த விளையாட்டில் மினுக்கத்தின் அளவு நார்மல் மேப்பின் ஆல்பா சானலில் (சிவப்பு, பச்சை, நீலத்துக்கு அடுத்த நான்காவது அடுக்கு, வழக்கமாக ஒளிபுகுதன்மைக்கானது) இருக்கிறது. வெள்ளை என்றால் முழு மினுக்கம். பிசி1 (BC1) என்ற சுருக்க வடிவில் சேமித்தால் ஆல்பாவின் சாம்பல் படிநிலைகள் தொலைந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஆல்பாவைத் தீட்ட லேயர் மாஸ்க் போட்டு, 0 முதல் 255 வரையிலான அளவில் துருவுக்கு 20, தோலுக்கு 40, தேய்ந்த விளிம்புக்கு 180 என்று தீட்டினேன். 0 வரை இறக்க வேண்டாம், அது முழுக்க ஒளிபுகும் இடமாகிவிடும். நடுவில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்தால் அந்த இடங்களின் நார்மல் தகவலே அழியலாம்.

தழும்பு புடைப்பதற்குக் காரணம் பச்சை சானல். பிளெண்டர் நார்மல் மேப்பை ஓபன்ஜிஎல் முறையில் பேக் (bake, மாதிரியிலிருந்து படமாக்குவது) செய்கிறது, விளையாட்டு பச்சை தலைகீழான டைரக்ட்எக்ஸ் முறையை எதிர்பார்க்கிறது. பேக் அமைப்பில் ஸ்விசில் ஜி என்பதை +ஒய் இலிருந்து -ஒய் ஆக்கினால் போதும். அந்தப் படத்தின் கலர் ஸ்பேஸ் நான்-கலர் ஆக இருக்கட்டும். 2048 பிக்சல் படத்துக்கு மார்ஜின், அதாவது துண்டுகளின் விளிம்புக்கு வெளியே வண்ணம் நீளும் அளவு, 16 பிக்சல். குறைத்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது தையல் கோடு தெரியும்.

கடைசியாக, ஆல்பாவின் படிநிலைகளைக் காக்கும் பிசி7 (BC7) வடிவில், மிப்மேப்புடன் (தூரத்துக்கான சிறிய பிரதிகள்) சேமிக்கவும். ஸ்கைரிமின் பழைய 2011 பதிப்பு பிசி7 படிக்காது, அதற்கு டிஎக்ஸ்டி5 (DXT5) வடிவம். இன்னமும் மின்னினால் விளையாட்டின் மாதிரிக் கோப்பைத் திருத்தும் நிஃப்ஸ்கோப்பில் ஸ்பெகுலர் ஸ்ட்ரெங்த்தை (மினுக்க வலிமை) குறைக்கவும்.